அண்ணன் காத்திருந்த பூச்சு

1

அண்ணனுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை என்ற செய்தியை எனக்குச் சொன்னது என் மகள். ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனைக்குக் கிளம்பும் முன் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். லியாவுக்குப் பதினாறு வயது. எங்களிடம் ஜெர்மன்தான் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ். போனைப் பார்த்தபடியே, மாமாவுக்குச் செயற்கைக் கால் எப்போது பொருத்துவார்கள் என்று ஜெர்மனில் கேட்டாள்.

எந்த மாமா என்று கேட்டேன். அவளுக்கு இருப்பது ஒரே மாமா.

போனை என் பக்கம் திருப்பினாள். எனக்குக் கணக்கு இல்லாத ஒரு செயலியில் அண்ணன் மகள் ஷைனி போட்ட படம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாகவும் கிடக்கிறது. கீழே கூப்பிய கைகளும் சிவப்பு இதயங்களும் வரிசையாக. பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், எங்கள் சபைக்காரர்கள்.

லியாவுக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் உறைத்திருக்க வேண்டும். "உனக்குத் தெரியாதா? அப்பாவுக்குத் தெரியுமே" என்றாள், இந்த முறை தமிழில்.

தோசை கருகியது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் செலின். பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டி எங்கள் வீடு. ரோட்டைக் கடந்தால் தமிழ்நாடு, கடக்காவிட்டால் கேரளம், இரண்டு பக்கமும் ஒரே ரப்பர், ஒரே மரச்சீனிக் கிழங்கு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேதியியல் ஆங்கிலத்தில் என்று படித்து, இப்போது கிழக்கு ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கணவர் வில்சன் மார்த்தாண்டத்துக்காரர், இங்கே ஒரு தொழிற்சாலையில் கணினி வேலை.

என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: எலும்பில் வைக்கிற உலோகத்தில் கிருமி ஒட்டாமல் பார்ப்பது. எலும்பு முறிந்தால் பிளேட்டு வைத்து ஸ்குரூ முடுக்குகிறார்களே, ஊரில் கம்பி இடுவது என்போமே, அந்தக் கம்பிக்குப் பூச்சு கண்டுபிடிப்பது. அண்ணனின் கால் போனது கம்பி இட்ட இடம் பழுத்ததால். இதற்கு மேல் இந்தக் குறிப்பில் நான் விளக்க வேண்டியது என் கோபத்தை மட்டும்தான்.

உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் இதை மறைத்திருக்கலாம். நான் பல் டாக்டராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். பிணவறையில் கணக்கெழுதுகிறவளாக இருந்தாலும் மன்னித்திருப்பேன். விடிந்தால் அடைந்தால் இதே கிருமியின் முகத்தில் விழிக்கிறவளிடம் மறைத்தார்கள்.

3

எங்கள் பூச்சு ஒரு களையிலிருந்து வருகிறது. ஊரில் அதற்குக் கம்யூனிஸ்ட் பச்சை என்று பெயர். கம்யூனிஸ்டுகள் பரவிய அதே காலத்தில் அதே வேகத்தில் மலையெல்லாம் பரவியதால் வந்த பெயர் என்று அண்ணன் சொல்லுவார். ரப்பர் வெட்டுகிறவர்கள் கத்தி பட்டால் முதலில் தேடுவது அதைத்தான். இலையைக் கசக்கிச் சாறு பிழிந்தால் ரத்தம் நிற்கும். என் முழங்கையிலேயே அண்ணன் பிழிந்துவிட்ட தழும்பு ஒன்று உண்டு.

முதல்முறை ஆய்வகக் கூட்டத்தில் இதைப் பேசியபோது பெயரையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். நான் இருப்பது ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் அரசு ஆண்ட பகுதி. அரங்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு தொழில்நுட்பர் மட்டும், இந்தச் செடியை உங்கள் ஊரில் கட்சி விநியோகித்ததா என்று உண்மையாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விடவில்லை, வீட்டைச் சுற்றியுள்ள பறம்பிலிருந்து இலையைப் பறித்துக் கழுவி மொட்டை மாடியில் நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்பத் தயாராகிவிட்டார். அப்படி அனுப்பக்கூடாது, அங்கிருந்து செடி வெளியே போக அனுமதி வேண்டும், இங்கே உள்ளே வரவும் அனுமதி வேண்டும் என்றேன். "நம்ம பறம்புல சும்மா கெடக்கிய களைக்கு ஆருக்க அனுமதி?" என்று கேட்டார். கடைசியில் இங்கே ஒரு கண்ணாடிக் கூடத்தில், வெப்பமும் ஈரமும் கொடுத்து, தொட்டியில் அந்தக் களையை வளர்த்தார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பினேன். தொட்டியில் நிற்கிற கம்யூனிஸ்ட் பச்சையை அண்ணன் அவர் ஓட்டுகிற பஸ்ஸில் எல்லாருக்கும் காட்டினார். அவர் அரசு பஸ் டிரைவர். காட்டாக்கடை வழி கள்ளிக்காடு போகிற வண்டியில் ஏறினவர்கள் எல்லாருக்கும் என் ஆராய்ச்சி தெரியும்.

செய்வது இவ்வளவுதான். வெள்ளி உப்புக் கரைசலில் இலைச் சாற்றைச் சேர்த்துச் சூடாக்கினால் வெளிர்மஞ்சள் மெல்லத் தவிட்டு நிறத்துக்கு மாறும். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக இதற்குக் கடுமையான ரசாயனம் வேண்டும், இங்கே இலையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்தத் துகள்களை டைட்டானியம் வட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் படியவைத்து, கிருமியோடு சேர்த்துவைத்துப் பார்க்கிறோம். வெள்ளி கூடினால் கிருமியோடு எலும்புச் செல்லும் சாகிறது. குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு அளவைத் தேடித்தான் என் நாட்கள் போகின்றன. வட்டு ஒரு காசு அளவு. மனித உடம்பு இன்னும் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதைச் சபையில் சொன்னேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அமரவிளைப் பக்கம் சரளையில் பைக் சறுக்கி அண்ணனுக்குக் கால் முறிந்து கம்பி இட்டிருந்தார்கள். அப்போது நன்றாகத்தான் இருந்தார், கம்பு ஊன்றி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். இது ஆய்வகத்தில் மட்டும் நடப்பது, மனிதர்களுக்கு வர நாளாகும் என்று நான் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். பிறகு போதகர் எழுந்து, இனி யாருக்கும் கம்பி இட்ட இடம் பழுக்காதபடி நம் சகோதரி வழி கண்டிருக்கிறார் என்று ஸ்தோத்திரம் சொன்னார். அண்ணன்தான் முதலில் கைதட்டினார்.

4

வில்சன் மழுப்பவில்லை. கேட்டதும் ஒப்புக்கொண்டார். தவக்காலம் முடிகிற சமயத்தில் தழும்பு திறந்து சீழ் வந்ததும், அண்ணனுக்குச் சுகர் இருப்பதால் ஆறாமல் போனதும், அவருக்கு அப்போதே தெரியும். அண்ணனே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், அவளிடம் மூச்சுவிடாதீங்க என்ற கட்டளையோடு.

நான் வாரம் தவறாமல் அண்ணனோடு வீடியோவில் பேசினேன். மடியில் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். போனை மைனி, அண்ணன் மனைவி, பிடித்திருப்பாள், மடிக்குக் கீழே தெரியாத மாதிரி. கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்காத வாரம் கிடையாது. சுகம் உண்டு என்பார். எனக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து வில்சன் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததால் குடியிருப்பு அட்டையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் தேதி கிடைக்கவில்லை. கிடைத்த தேதியில் போனால் அந்த அதிகாரி விடுப்பில் இருந்தார். இடைக்காலச் சான்றிதழ் கேட்டால் அதற்கும் தனியாகத் தேதி வாங்க வேண்டுமாம். அட்டை இல்லாமல் போனால் திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் அண்ணனிடம், அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாதாரணப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

வில்சன் சொன்னார்: "நான் செல்லியிருந்தா நீ கார்டு இல்லாமலே கெளம்பியிருப்பே. பின்ன உள்ள விடமாட்டான். பிள்ளைய வச்சிக்கிட்டு நான் இங்க என்ன செய்ய?"

அவர் சொன்னது பொய்யில்லை. நான் கிளம்பியிருப்பேன். அண்ணனுடைய கால் ஒரு பக்கம், எங்கள் குடித்தனம் ஒரு பக்கம் என்று என் புருஷன் நிறுத்துப் பார்த்து, என்னைக் கேட்காமலே முடிவெடுத்திருக்கிறார். ஆனால் நான் போக வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. உலோகத்தில் ஒட்டிக்கொண்ட கிருமி தன்மேல் வழவழப்பாக ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகு மாத்திரையும் ஊசியும் அதைச் சரியாகத் தொடுவதில்லை. திறந்து, கம்பியை எடுத்து, எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். நாள் தள்ளுவது ஒன்றைத்தான் செய்யக்கூடாது. இதைச் சொல்ல எனக்கு விமானம் வேண்டாம், அட்டை வேண்டாம். ஒரு போன் போதும். அந்தப் போனைத்தான் எல்லாரும் சேர்ந்து என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

அன்று நாங்கள் ஆராதனைக்குப் போகவில்லை. லியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்திருப்பாள் போல. அவளிடம் போய், எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் நீதான் என்றேன். அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, தோளில் சாய்ந்துகொண்டாள்.

5

அட்டை கையில் கிடைத்த வாரமே புறப்பட்டேன், தனியாக. திருவனந்தபுரத்தில் இறங்கி நெய்யாற்றின்கரை வழியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மைனி வாசலிலேயே அழத் தொடங்கினாள். அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துவர்த்து மடியில் இல்லை, இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "மெலிஞ்சி போனியே மக்கா" என்றார். கால் இல்லாத மனிதர் என்னைப் பார்த்து மெலிந்துவிட்டாய் என்கிறார்.

சாப்பிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். டாக்டர் என்ன சொன்னார்? எப்போது சொன்னார்?

டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். முதலிலேயே சொல்லியிருக்கிறார், உடனே கம்பியை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று. அண்ணன்தான் மாட்டேன் என்றிருக்கிறார். பணக்கஷ்டமா என்றால் இல்லை. பயமா என்றால் அதுவும் இல்லை. காரணத்தைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் கவனித்தேன்.

"நான் டாக்டர்கிட்ட செல்லிட்டேன். எனக்க தங்கச்சி வாறா. அவளுக்க மருந்து பூசின கம்பி கொண்டு வருவா. பின்ன எதுக்கு ரெண்டு மட்டம் கீறணும்? பழையத எடுக்கிய அன்னைக்கே அத வச்சிரலாம்லா."



எங்கள் ஊரில் எல்லாமே வெளிநாட்டில் இருக்கிறவருக்காகக் காத்திருக்கும். புது வீட்டுக்குப் பாலுகாய்ப்பு காத்திருக்கும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் காத்திருக்கும், நிச்சயம் முடிந்த கல்யாணம் காத்திருக்கும். செத்தவர்களும் காத்திருப்பார்கள். என் அம்மாவே நான் வந்து சேரும்வரை நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் காத்திருந்தவள்தான். அதில் யாருக்கும் குறை கிடையாது, வரவேண்டிய ஆள் வந்த பிறகுதான் காரியம் என்பது எங்களுக்கு மரியாதை. அந்த மரியாதையை அண்ணன் தன் காலுக்குள் இருந்த சீழுக்கும் கொடுத்திருக்கிறார். நான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லச் சொல்ல அவரும் அடுத்த மாதம் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் குளிர்காய்ச்சல் வந்து, நினைவு தப்பி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது காலை எடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

"அப்படி ஒரு கம்பியே இல்லை அண்ணா" என்றேன். "காசளவு வட்டில் செய்துபார்க்கிறோம். சபையிலேயே சொன்னேனே."

"அது நீ அடக்கமாச் செல்லியதுன்னு நெனச்சேன்" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மைனி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"கேட்டா நீ பயந்து பேடிப்பே. உனக்க வேலை கெடும். நேருல கண்டு செல்லலாம்னு இருந்தேன். உனக்க நல்லதுக்காக்கும் மக்கா."

என்னை நம்பினார், என் கண்டுபிடிப்பை நம்பினார், நான் வருவேன் என்று நம்பினார். உண்மையைத் தாங்குவேன் என்று மட்டும் நம்பவில்லை. கூடப்பிறந்தவரால் இதைவிடப் பெரிய துரோகம் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் மறைப்பது எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

6

இன்னொன்றும் நடந்தது. அது நடக்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு ரோசக்காவுடையது. மூத்த மகன் பினு மஸ்கட்டில். இளையவனும் மனைவியும் அக்காவோடு இருக்கிறார்கள். நான் வந்திருப்பது தெரிந்து அவர்கள் கூப்பிட்டார்கள், போனேன். ரோசக்கா கட்டிலில் கிடந்தாள். பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. இடது கையால் என் கையைப் பிடித்து, குழறிக் குழறி ஒன்றையே கேட்டாள்: "பினு வருவானா மக்கா?"

வெளியே வந்ததும் இளையவன் சொன்னான், பினுவுக்கு இன்னும் சொல்லவில்லை என்று. வீடியோவில் கூப்பிட்டால் நெட் கிடைக்கவில்லை என்கிறார்களாம். அம்மா எங்கே என்றால் தூங்குகிறாள், குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வரத்தானே போகிறான், அப்போது பார்த்துக்கொள்ளட்டும் என்றான். எதையோ நல்லபடியாக நடத்திக்கொண்டிருக்கிற நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பினுவின் நம்பர் வேண்டும் என்று மைனியிடம் கேட்டேன். மைனி அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"வேண்டாம் மக்கா. அவன் அங்க கெடந்து வெஷமிச்சி அழுவான். பாவமில்லியா."

முழங்காலுக்குக் கீழே வெறும் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தார், இதைச் சொல்லும்போது. அவருக்கு இன்னும் புரியவில்லை. மைனி இவ்வளவு அழுதும், நான் இவ்வளவு கத்தியும், நடந்தது எங்கே தவறியது என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பி வரத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான் அவர் கணக்கில்.

நம்பரை ஷைனி கொடுத்தாள், யார் பக்கமும் பார்க்காமல்.

நான் அழுத்தப் போகும்போது அண்ணன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். எழ முடியவில்லை. "நீ இப்பம் கூப்பிட்டா எங்க எல்லாரயும் சதிச்சதாக்கும்" என்றார். அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

கூப்பிட்டேன். வேலை இடத்தில் இருந்தான் போல, பின்னால் இரும்பு வெட்டுகிற சத்தம் கேட்டது. நான் யார் என்று சொன்னதும், எப்போது வந்தீங்க அக்கா என்று சந்தோஷமாகக் கேட்டான். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதை நேராகச் சொன்னேன். எந்தப் பக்கம், எந்த அளவு, பேச்சு எப்படி இருக்கிறது, உன்னைத்தான் கேட்கிறாள் என்பது வரை எதையும் குறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. எங்கோ ஒதுங்கி நடந்திருப்பான்.

பிறகு கேட்டான்: "அக்கா, இது ஆருக்கெல்லாம் தெரியும்?"

கட்டிலில் அண்ணன், அடுக்களை வாசலில் மைனி, சுவரோரம் ஷைனி. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றேன். "உனக்கு மட்டும்தான் தெரியாது."